'வூட்டுக்கு அனுப்பிடும்மா'

1

நான் வேலை செய்யும் வார்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கோப்பு உண்டு. சிலருடைய கோப்பைத் திறந்தால் முதல் பக்கமாக, ஓரம் சிவந்த ஒரு தாள் இருக்கும். 'இவருடைய இதயம் நின்றுவிட்டால் மறுபடி ஓட வைக்க முயல வேண்டாம்' என்பதுதான் அதன் சாரம். கீழே கட்டம் கட்டமாகக் கேள்விகள். முடிவு எடுத்தது யார், காரணம் என்ன, நோயாளியிடம் பேசியாயிற்றா, இல்லையென்றால் ஏன் பேசவில்லை, உறவினருக்குத் தெரியுமா, மறுபடி எப்போது பரிசீலிப்பது. கடைசியில் பெரிய டாக்டரின் கையெழுத்து. எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனால்கூட வார்டு மேனேஜர் முகம் சுளிப்பார்.

போனில் இதை என் தம்பி குமாரிடம் சொன்னபோது, "இன்னாக்கா இது, சாவறதுக்கு அப்ளிகேஷனா?" என்று கேட்டான். அப்ளிகேஷன் இல்லை. சாவு கேட்காமலேயே வரும். வந்த பிறகு நாங்கள் ஓடிப்போய் நெஞ்சின் மேல் கையை வைத்து அழுத்துவதா, சும்மா நிற்பதா என்பதற்குத்தான் அந்தத் தாள். தாள் இல்லையென்றால் அழுத்தியே ஆக வேண்டும். ஆளுக்கு எத்தனை வயதானாலும், உடம்பில் எலும்பும் தோலும்தான் மிச்சம் என்றாலும் அதுதான் சட்டம்.

நான் திருவொற்றியூர்க்காரி. இங்கிலாந்தின் வடக்கே, பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்காத ஒரு ஊரில் நர்ஸாக இருக்கிறேன். வந்து ஐந்து வருடம் ஆகிறது. குளிரைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் எழுதச் சொன்னால் எழுதலாம், எல்லோரும் எழுதியதுதான். இது ஒரு சிவப்புத் தாளைப் பற்றிய குறிப்பு. அது ஏகாம்பரம் என்ற பெரியவருடையது. அவர் கோப்பில் அது ஏறியதற்குக் காரணம் நான். அவருக்கு அது தெரியாது.

2

ஏகாம்பரம் எங்கள் வார்டுக்கு வந்தபோது அவருடைய குறிப்பில் 'குழப்பமான நிலையில் இருக்கிறார்' என்று எழுதியிருந்தது. நான் கட்டிலுக்கு அருகில் போனபோது அவர் தனக்குள் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஊருடா இது. தண்ணி கேட்டா டீயக் குடுத்துகினு கீறாங்க. டீயாவது ஒயுங்கா கீதா, அதுவும் இல்ல."

இதில் குழப்பம் எங்கே இருக்கிறது? ஐந்து வருடமாக நான் கேட்டதிலேயே தெளிவான பேச்சு அதுதான்.

"தண்ணி நான் தரேன், ஐயா" என்றேன்.

அவர் தலையைத் திருப்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு நீ?"

"திருவொத்தியூரு. டோல்கேட்ல எறங்கி ஷேர் ஆட்டோ புடிப்போம்."

"அப்புறம் இன்னா ஐயா கொய்யான்னுகினு? நைனான்னு கூப்புடு."

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அந்தச் சொல் இன்னொருவருக்கு வாயில் வரவில்லை. பெரிப்பா என்று கூப்பிட்டேன். அவருக்கு அதுவும் சம்மதம்தான்.

திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்து ஆள் அவர். ஐம்பது வருடம் கடலுக்குப் போனவர். மகன் பாபு படித்து, கம்ப்யூட்டர் வேலைக்கு இங்கே வந்துவிட்டான். அப்பாவையும் அம்மாவையும் மூன்று மாதம் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டான். அப்பாவுக்கு விசா கிடைத்தது. அம்மாவுக்குக் கிடைக்கவில்லை, ரேஷன் கார்டில் ஒரு வயது, பாஸ்போர்ட்டில் ஒரு வயது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரியவர் தனியாக வந்தார். வந்த ஆறாவது வாரம் கால் வீங்கி, மூச்சு வாங்கி, எங்கள் வார்டில் படுத்துவிட்டார். இதயம் பலவீனமாகி ரொம்ப நாள் ஆகியிருந்தது. ஊரில் யாரும் பார்த்துச் சொல்லவில்லை, அல்லது சொன்னதை இவர் கேட்டுக்கொள்ளவில்லை.

3

எங்கள் பெரிய டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. மெதுவாகப் பேசுவார், பேசும்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பெரியவரின் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம், நின்றால் அழுத்தியும் பயன் இருக்காது என்பது அவருடைய கருத்து. ஆனால் நோயாளியிடம் கேட்காமல் தாளை நிரப்ப அவருக்கு மனம் இல்லை. மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடிக்கச் சொன்னார்.

இங்கே அதற்கென்று ஒரு சேவை உண்டு. எண்ணை அழுத்தி மொழியைச் சொன்னால் ஆள் வருவார். வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல குரல், நல்ல மரியாதை.

"ஐயா, வணக்கம். உங்கட இருதயம் சரியான பலவீனமா இருக்குதாம். அது நிண்டு போச்செண்டால் திரும்ப இயக்கிப் பாக்கிறதோ, வேண்டாமோ எண்டு டொக்டர் கேக்கிறா."

பெரியவர் போனையே உற்றுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "யாரும்மா இந்தாளு, மலையாளத்தானா? ஒரு எய்த்தும் புரில."

அந்தப் பக்கமும் அதே கதைதான். இவர் பேசுவது தமிழ் மாதிரித் தெரியவில்லை, வேறு மொழியாக இருக்கலாம் என்று அவர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு தமிழர்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார்.

இந்த மாதிரி விஷயத்துக்கு வார்டு ஆட்கள் மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தக் கட்டிடத்தில் அவர் பாஷை தெரிந்த ஒரே ஆள் நான்.

ஆழம் தெரியாமல் காலை விட்டேன். வாயைத் திறந்ததும் எனக்கு 'சாவு' என்ற சொல் வரவில்லை. இங்கே ஆங்கிலத்தில் அதைத் தினமும் சொல்கிறேன், நாக்கு கூசுவதில்லை. தமிழில், அதுவும் எங்கள் ஊர்ப் பேச்சில், அப்பா வயதுள்ள ஒருவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மென்று முழுங்கிக் கேட்டேன்.

"பெரிப்பா, ஒங்க ஒடம்பு ரொம்ப வீக்கா கீது. நாளிக்கி ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சின்னா, கஷ்டப்படுத்தி வைத்தியம் எல்லாம் பண்ணணுமா, இல்ல போதுமான்னு டாக்டரம்மா கேக்குறாங்க."

அவர் கையை நீட்டிக் காட்டினார். ஊசி குத்திக் குத்தி முழங்கை வரை கன்றியிருந்தது. "போதும்மா. இதுக்கு மேல தாங்காது. வூட்டுக்கு அனுப்பிடும்மா."

டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "போதும் என்கிறார். அவருக்கு நிலைமை தெரிந்திருக்கிறது. வைத்தியத்தை நிறுத்தி, நிம்மதியாகப் போக விடச் சொல்கிறார்."

டாக்டர் அவர் கையைப் பிடித்து, துணிச்சலான மனிதர் என்றார். பெரியவர் சந்தோஷமாக "தேங்க்ஸ்" என்றார். அன்று பகலே சிவப்புத் தாள் நிரம்பியது. 'நோயாளியிடம் பேசியாயிற்றா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று இருந்தது. மகனுக்கு டாக்டர் போனில் சொன்னார். அவனும் சரி என்றான்.

4

என் மகளுக்கு ஒன்பது வயது. போன வருடம் ஊருக்கு அழைத்துப் போனேன். மூன்றாம் நாள் காலையில், என் அம்மா இட்லி வைத்துக்கொண்டிருக்கும்போது, "அம்மா, எப்போ வீட்டுக்குப் போறோம்?" என்று கேட்டாள். என் அம்மாவுக்குப் புரியவில்லை. "இதாண்டி வூடு" என்றாள். மகள் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "இல்ல பாட்டி, நெஜ வீடு" என்றாள். அவள் மேல் தப்பு இல்லை. அவளுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான். எனக்கும் என் அம்மாவுக்கும் இரண்டு.

வடசென்னையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்கு அந்த இரண்டாவது பொருள் தெரியும். ஐ.சி.யூ. கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வருவார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்பார். கேட்ட பெண்கள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். "இன்னா சொல்லிட்டாங்க?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால், "வூட்டுக்கு இட்டுகினு போவச் சொல்லிட்டாங்க" என்று பதில் வரும். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். சாவு என்ற சொல்லே வராமல் எல்லாம் முடிந்துவிடும். சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள், ஒருத்தர் பந்தலுக்குச் சொல்லப் போவார்.

ஊரில் சிவப்புத் தாள் கிடையாது. அழுத்த வேண்டாம் என்று எழுதி வைக்க எந்த டாக்டரும் துணிய மாட்டார், நாளைக்கு யார் கோர்ட்டுக்குப் போவது? அதனால் கேஸ் ஷீட்டில் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்: 'டாக்டரின் அறிவுரையை மீறி, எங்கள் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறோம்.' அழைத்துப் போகச் சொல்லி அறிவுரை சொன்னதே டாக்டர்தான். அதை மீறுவதாக எழுதுவது நாம். அங்கே நர்ஸாக வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பேரிடம் இந்த வாசகத்தைக் காட்டி, இங்கே கையெழுத்து போடுங்கள் என்று விரல் வைத்திருக்கிறேன். ஒரு தடவை நானே போட்டேன்.

5

தொண்ணூறுகளின் கடைசி அது. நைனா திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்த்தவர். முப்பது வருடம் அந்தப் புகையைத்தான் சுவாசித்தார். நுரையீரல் அடைத்துப்போய் ராயபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. மாஸ்க்கை விலக்கிவிட்டு, பக்கத்துக் கட்டில்காரர் தலைமாட்டில் வைத்திருந்த பேப்பரை வாங்கிப் படிப்பார்.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததா. அடுத்தது வென்டிலேட்டர்தான். ட்யூப் போட்டா எடுக்க முடியாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

அம்மாவிடமும் குமாரிடமும் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். குமார் சுவரைப் பார்த்தான். நீ படிச்சவ, நீ சொன்னா சரிதான் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். நைனாவிடம் போனேன்.

"நைனா, வூட்டுக்குப் போலாம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "செரியாயிட்சின்னு சொல்லிட்டாரா?"

"ம்."

"அப்போ திங்கக்கெயம டூட்டில ஜாயின் பண்ணிடலாமா?"

"ரெண்டு நாள் போவட்டும் நைனா."

குமாரிடம் சீப்பு கேட்டார். தலை வாரிக்கொண்டார். லுங்கியோடு வர மாட்டேன், தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று பேண்ட் போட்டுக்கொண்டார். வார்டில் இருந்த ஒவ்வொரு கட்டில்காரரிடமும், "நான் வூட்டுக்குப் போறேன், சீக்கிரம் நீயும் கெளம்பு, மாமு" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் எல்லோருக்கும் அந்தச் சொல்லின் பொருள் தெரியும். ஆனாலும் சிரித்தபடி கும்பிட்டார்கள்.

வாடகை சிலிண்டரோடு வீட்டில் இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் மூச்சு முட்டியது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முடிலம்மா. ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போ."

"டாக்டர் வந்துகினு கீறாரு நைனா."

"இங்க வேணாம். இட்டுகினு போம்மா."

ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் வந்துகொண்டிருக்கவில்லை. ட்யூப் போட்டிருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார், அது எனக்கு அன்றும் தெரியும், இன்றும் தெரியும். இதை நான் யாருக்கும் எழுதியதில்லை.

6

பெரியவரின் தாள் நிரம்பி மூன்று நாள் கழித்து, காலையில் அவருக்குத் துண்டால் முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன்.

"டிக்கெட்டு எப்பம்மா போட்டாங்க?" என்று கேட்டார்.

"எந்த டிக்கெட்டு?"

"இன்னா நீ. வூட்டுக்கு அனுப்புறேன்னு அந்தம்மா கையப் புடிச்சி சொல்லுச்சே. பிளேனு டிக்கெட்டு."

துண்டு என் கையிலேயே நின்றுவிட்டது. அவர் பேசிக்கொண்டே போனார். மனைவிக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. இவர் திரும்பி வந்ததும் ஆபரேஷன் என்று நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். "ஆப்ரேசன் முடிஞ்சா நாலு வேளயும் சொட்டு மருந்து வுடணுமாம். அவளுக்கு கண்ணுகிட்ட யாரும் கைய கொண்டாரக் கூடாது, கத்துவா. நான் வுட்டாத்தான் படுப்பா. நான் இல்லாங்காட்டி ஆப்ரேசனே வேணாம்னுடுவா. குருடாத்தான் கெடப்பா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'வூட்டுக்கு இட்டுகினு போ' என்பது நோயாளியைப் பற்றி மற்றவர்கள் சொல்லிக்கொள்வது. நோயாளி சொல்வது இல்லை. படுத்திருப்பவன் வாயில் வீடு என்றால் வீடுதான். என் நைனா வாயிலும் அது வீடுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நின்று என் காது கெட்டுப்போயிருந்தது. அவர் சொல்லாத ஒன்றை நான் கேட்டு, ஆங்கிலத்தில் எழுதவும் வைத்துவிட்டேன். இந்த மூன்று நாளில் அவர் இதயம் நின்றிருந்தால், நாங்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டு மரியாதையாக நின்றிருப்போம்.

எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் பாஷை தெரிந்தது நான் ஒருத்திதானே. ஆனாலும் டாக்டரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. இங்கே யாரும் திட்ட மாட்டார்கள். ஒரு படிவம் கொடுப்பார்கள். தவறு நேர்ந்தது எப்படி, யாருக்காவது தீங்கு உண்டா, இனி நேராமல் இருக்க என்ன செய்யலாம். 'காரணம்' என்ற கட்டத்தில் 'வீடு என்ற சொல்' என்று எழுதினேன். வார்டு மேனேஜர் அதை அடித்துவிட்டு 'தகவல் தொடர்புக் குறைபாடு' என்று மாற்றினார்.

7

மறுநாள் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை போனில் வந்த மொழிபெயர்ப்பாளர் தஞ்சாவூர்க்காரர். நான் கேட்பதும் பெரியவர் சொல்வதும் சரியாக வருகிறதா என்று போனில் கேட்டுக் கவனிப்பது அவர் வேலை.

"பெரிப்பா, அன்னிக்கி நான் கேட்டது தப்பு. ஒங்களுக்குப் புரியற மாதிரி கேக்கல. இப்ப நேரா கேக்குறேன்."

"கேளு."

"ஒங்க நெஞ்சு நின்னுடலாம். இங்கியே, இந்தக் கட்டில்லயே. நின்னா செத்துட்டீங்கன்னு அர்த்தம். அப்ப நாங்க ஓடியாந்து நெஞ்சு மேல கைய வெச்சி அமுக்குவோம், கரண்டு வெப்போம். எலும்பு ஒடையும். அத்தப் பண்ணட்டுமா, வேணாமா?"

அவர் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நான்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ டிக்கெட்டு இல்ல."

"பிளேன்ல ஏற ஒடம்பு தாங்காது பெரிப்பா. தேறினா பாக்கலாம்னு சொல்றாங்க. தேறுறது கஷ்டம்."

"ம். அமுக்குனா எய்ந்துப்பனா?"

டாக்டரிடம் கேட்டேன். பெரும்பாலும் எழ மாட்டார், எழுந்தாலும் இப்போது இருப்பதைவிட மோசமாக இருப்பார், இதை அப்படியே சொல் என்றார். அப்படியே சொன்னேன்.

"பெரும்பாலும்னா? ஒருத்தர்கூட எய்ந்துக்கலியா?"

"எப்பனா ஒருத்தரு எய்ந்துப்பாரு."

"அந்த ஒருத்தரு யாருன்னு இந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாக, மூச்சு விட்டு விட்டு, கடலில் பழக்கமான ஒரு விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

"கடல்ல ஒரு ஆளு வுயுந்துட்டான்னு வெச்சிக்கோ. அல தூக்குது, இருட்டிகினு வருது. கெடைக்க மாட்டான்னு போட்டுல கீற அத்தினி பேருக்கும் தெரியும். அதுக்காவ போட்ட திருப்பிகினு வந்துருவமா? ரெண்டு சுத்து சுத்திப் பாத்துட்டுத்தான் வருவோம். கெடைக்கலைன்னா அது வேற. கரைல அவன் பொண்டாட்டி நின்னுகினு இருப்பா. அவ மூஞ்ச பாக்கணுமில்ல?" என் பக்கம் திரும்பினார். "அமுக்கு. ரெண்டு சுத்து. அப்பால வுட்டுடு."

டாக்டருக்கு ஒரு சொல் விடாமல் சொன்னேன். போனில் இருந்த தஞ்சாவூர்க்காரர், "சரியாகச் சொல்கிறார்" என்று மட்டும் சொன்னார். டாக்டர் சிவப்புத் தாளின் மேல் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, ரத்து என்று எழுதிக் கையெழுத்து போட்டார். பிறகு வேறொரு தாளை எடுத்து, படகு, இரண்டு சுற்று, மனைவியின் முகம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக்கொண்டார். நோயாளியின் விருப்பம் என்று அதற்குத் தலைப்பு போட்டார்.

அன்று மாலை பாபு வந்தான். தாள் ரத்தானதைச் சொல்லி, அப்பாவிடம் நீங்களும் ஒருமுறை பேசிவிடுங்கள் என்றேன். "அவர்கிட்ட இதையெல்லாம் எப்படி சிஸ்டர் பேசறது?" என்றான். என்னால் குறை சொல்ல முடியவில்லை. அப்பாவும் மகனும் ஒரு மணி நேரம் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்கள். நடுவில் போன் போட்டு, ஊரில் இருக்கும் மனைவியிடம் ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டாம் என்று பெரியவர் சொன்னார். மருந்து விட பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பழக்கிக்கொள், கத்தாதே என்றார். அந்தப் பக்கத்திலிருந்து பெரிய சண்டை வந்தது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

8

அதிலிருந்து எட்டாம் நாள், மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருக்கும்போது அவருடைய இதயம் நின்றது. மணியை அழுத்திவிட்டு நான்தான் முதலில் கை வைத்தேன். எண்ணிக்கொண்டே அழுத்தினேன். எலும்பு உடைந்தது கைக்குத் தெரிந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஆள் மாறுவார்கள், அதை இங்கேயும் சுற்று என்றுதான் சொல்கிறார்கள். முதல் சுற்று நான். இரண்டாவது, ஓடி வந்த ஓர் இளம் டாக்டர். இரண்டு சுற்று என்பதை நான் சத்தமாகச் சொன்னேன். பெரிய டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் இரண்டு பார்த்துவிடுவோம் என்றார். நாலாவது சுற்று முடிந்ததும் கையை எடுத்துவிட்டோம். அவர் எழவில்லை.

பாபு வந்ததும் அவனைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். எப்போதும் என்னிடம் படித்தவன் தமிழில்தான் பேசுவான்.

"ரொம்ப வலிச்சிருக்குமா சிஸ்டர்?"

"இல்ல பாபு. அதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

"அப்புறம் எதுக்கு அமுக்கினீங்க? எழுந்திருக்க மாட்டார்னு தெரியுமில்ல?"

அவர் சொன்னதைச் சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்பா பேசின மாதிரியே சொல்லுங்க" என்றான். கடல், விழுந்த ஆள், படகு, கரையில் நிற்கும் பெண் எல்லாவற்றையும் அவர் பாஷையிலேயே சொன்னேன். முடித்ததும் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஊர்ல அம்மா கேக்கும், 'இன்னாடா பண்ணாங்க அந்த ஊர்ல'ன்னு. இத்தச் சொல்றேன்" என்றான்.

நான் வார்டுக்குத் திரும்பி, மிச்சம் இருந்த காகிதங்களை நிரப்பினேன். எத்தனை மணிக்கு நின்றது, யார் யார் இருந்தார்கள், எத்தனை சுற்று. எல்லாக் கட்டத்துக்கும் என்னிடம் பதில் இருந்தது.

9

அந்த ஞாயிற்றுக்கிழமை குமாருக்குப் போன் செய்தேன். அவன் மாதவரத்தில் ஒரு லாரி ஷெட்டில் வேலை செய்கிறான். பெரியவர் கதையை முழுசாகச் சொன்னேன்.

"நம்ம நைனாகிட்டயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்டா" என்றேன்.

அவனுக்குப் பின்னால் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பாருன்னு ஒனக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும்."

"எனுக்கும் தெரியும். அதான் கேக்கல."